தங்கச் சிலையோடு ஓடிய பேராசிரியர்

1981 இல் வெளிவந்த ‘ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ படத்தை முழுதாகப் பார்க்காதவர்களும் அதன் முதல் காட்சியை ஏதோ ஒரு வகையில் அறிந்திருப்பார்கள். பெரு நாட்டுக் காட்டில், கொடிகள் மூடிய பழங்கோயில் ஒன்றுக்குள் தொல்லியல் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸ் நுழைகிறார். பீடத்தின்மேல் இருக்கும் சிறிய தங்கச் சிலையின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, அதற்கு ஈடாக ஒரு பையில் மணலை நிரப்பி, சிலையை எடுக்கும் அதே நொடியில் பையைப் பீடத்தில் வைக்கிறார். கணக்கு பிசகிவிடுகிறது. பீடம் அமிழ்கிறது, கூரை இடிகிறது, சுவர்களிலிருந்து அம்புகள் பாய்கின்றன. உருண்டு வரும் பெரும்பாறைக்கு முன்னால் அவர் ஓடுகிறார்.

சாகசப் படத்தின் இலக்கணத்தில் இது குறை சொல்ல முடியாத காட்சி. ஆனால், அகழாய்வு அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஏற்பட்ட பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் சிலையில் நிற்பதில்லை. சுவருக்கும் தரைக்கும் போய்விடுகிறது. ஒளிக்கற்றையை மறித்தவுடன் பாயும் ஈட்டிகள், குறிப்பிட்ட கல்லை மிதித்தால் அம்பு எய்யும் துளைகள், எடை மாறினால் அமிழும் பீடம் ஆகிய அனைத்தும் பல நூற்றாண்டுகளாக எவரும் எண்ணெய் விடாமல், ஓர் உறுப்பைக்கூட மாற்றாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன. உண்மையில் இப்படி ஒரு கோயில் கிடைத்திருந்தால், அதைக் கட்டியவர்களின் பொறியியலை அறிந்துகொள்ளவே ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு வேலை இருந்திருக்கும். பேராசிரியரோ அதையெல்லாம் பாழாக்கிவிட்டு, ஒரு கைக்குள் அடங்கும் சிலையை மட்டும் வெளியே கொண்டுவருகிறார். அதையும் போட்டியாளரிடம் பறிகொடுக்கிறார்.

அந்தச் சிலைக்கும் ஒரு பின்கதை உண்டு. வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ் சேகரிப்பில், பிள்ளை பெறும் நிலையில் அமர்ந்திருக்கும் பெண் தெய்வத்தின் கற்சிலை ஒன்று இருக்கிறது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் செய்ததென்று நெடுங்காலம் கருதப்பட்ட அதுவே, பெருவில் நடப்பதாகக் காட்டப்படும் இந்தக் காட்சியின் சிலைக்கு முன்மாதிரி. பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜேன் வால்ஷ் அந்தக் கற்சிலையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது 19 ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இதே தொடரின் நான்காம் படத்துக்குக் கருவாக அமைந்த படிக மண்டையோடுகளையும் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார். பழங்கால மெக்சிகோவில் இல்லாத சுழல் சக்கரக் கருவிகளின் தடங்களே அவற்றிலும் கிடைத்தன. இந்தப் பொருள்களில் எதுவும் முறையான அகழாய்வில் கிடைத்ததன்று. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற பதிவு இல்லாமல் வணிகர்களின் கைவழியே வந்த பொருளைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம். அப்படித்தான் சொல்லவும் பட்டது.

சாட்டையும் தொப்பியும்தான் தொல்லியலாளரின் சீருடை என்று யாரும் நம்புவதில்லை. படம் பார்ப்பவர்களை அவ்வளவு குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மிகை என்று தெரிந்தவற்றை மனம் தானாகவே கழித்துவிடுகிறது. கழிக்கப்படாமல் தங்கிவிடுவது, மிகையாகத் தோன்றாத ஒன்று. தொல்லியலாளர் என்பவர் ஒரு பொருளைத் தேடிப் போகிறவர், அது கிடைத்தால் வென்றவர், கிடைக்காவிட்டால் தோற்றவர் என்ற கதையமைப்பே அது. உடன்படிக்கைப் பேழை, புனிதக் கிண்ணம், படிக மண்டையோடு என்று பொருள் மாறுமே தவிர அமைப்பு மாறுவதில்லை. அகழாய்வைப் பற்றி நம்மிடையே நிலவும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

திரைப்படக்காரர்கள் இந்த மனிதரைக் கற்பனையில் மட்டும் கண்டெடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியில் பிறந்து, இங்கிலாந்தின் மேடைகளில் பலசாலி வித்தை காட்டிப் பிழைத்த ஜியோவானி பெல்சோனி, 1816 இல் எகிப்தின் தீப்ஸ் நகரிலிருந்து இரண்டாம் ராமேசஸ் சிலையின் மாபெரும் கல் தலையை நைல் ஆற்றுக்கு இழுத்து வந்து லண்டனுக்கு அனுப்பினார். 1818 இல் கிசாவின் இரண்டாவது பிரமிடுக்குள் வழி கண்டுபிடித்து நுழைந்தவர், உள்ளறைச் சுவரில் தன் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதிவைத்தார். அது இன்றும் இருக்கிறது. கல்லறைக் குகைகளில் உட்கார இடம் தேடிய தன் எடை தாங்காமல் பதப்படுத்திய உடல்கள் நொறுங்கியதை அவரே தன் பயண நூலில் விவரிக்கிறார்.

அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஹைன்ரிஷ் ஷ்லீமன், இன்றைய துருக்கியிலுள்ள ஹிசார்லிக் மேட்டில் ஹோமர் பாடிய டிராய் நகரம் இருக்கிறது என்று நம்பி, மேட்டின் குறுக்கே ஆழமான பெரும்பள்ளம் ஒன்றை வெட்டினார். நகரம் அங்கே இருந்தது உண்மைதான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நகரங்கள் இருந்தன. 1873 இல் அவர் எடுத்து, பிரையம் மன்னனின் புதையல் என்று உலகுக்கு அறிவித்த தங்க நகைகள், டிராய் போர் நடந்திருக்கக்கூடிய காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அடுக்கைச் சேர்ந்தவை. அந்த அடுக்கை எட்டும் அவசரத்தில், அவர் உண்மையில் தேடிவந்த காலத்தின் கட்டடங்களையே வெட்டி எறிந்துவிட்டார் என்பது அவருக்குப் பின் வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. நகைகளை உதுமானிய அரசுக்குத் தெரியாமல் நாட்டைவிட்டு எடுத்துச் சென்றதற்காக வழக்கும் இழப்பீடும் நேர்ந்தன. பிறகு பெர்லினுக்குப் போன அந்த நகைகள், 1945 இல் சோவியத் படையினரால் எடுத்துச் செல்லப்பட்டு, இப்போது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாகசப் படத்துக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. தொல்லியலில் செய்யக் கூடாதவையும் ஏறக்குறைய அத்தனையும் இருக்கின்றன.

என் குறை, படங்கள் இந்த முன்னோடிகளைக் காட்டுகின்றன என்பதன்று. அவர்களை எடுத்து 1930களில் நிறுத்திவிடுகின்றன என்பதே. திரையில் பேராசிரியர் சிலையைத் திருடுவது 1936 இல். அதே ஆண்டில் மார்டிமர் வீலர் இங்கிலாந்தின் மெய்டன் காசில் மேட்டை, நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு இடையே வெட்டப்படாத மண்சுவர்களை நிறுத்தி, அந்தச் சுவர்களில் தெரியும் மண்ணடுக்குகளை வரைந்து பதிவுசெய்து தோண்டிக்கொண்டிருந்தார். அதற்கும் வெகு முன்னரே, பாலஸ்தீனத்தின் டெல் எல்-ஹெசி மேட்டில் 1890 இல் தோண்டிய ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, முழுப் பானையைவிட உடைந்த ஓடுகளே காலத்தைச் சொல்லும் என்று காட்டியிருந்தார். தங்கத்தை உருக்கி மீண்டும் செய்வார்கள், நகையைப் பேத்திக்குக் கொடுப்பார்கள், சிலையை வேற்று நாட்டுக்குக் கொண்டுபோவார்கள். உடைந்த பானையை உடைந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போவதால், அது அந்தக் காலத்துக்கு உண்மையான சாட்சியாக மண்ணில் தங்கிவிடுகிறது.

வீலர் நமக்கு அந்நியரல்லர். 1944 இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர், அடுத்த ஆண்டே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பெரிய பயன் தந்தவை இத்தாலியின் அரெசோ நகரில் செய்யப்பட்ட சிவப்புநிறப் பானைகளின் ஓடுகள். அவை செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் நன்கு தெரிந்திருந்தது. எனவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்குக்கு உறுதியான ஓர் ஊன்றுகோல் கிடைத்தது இப்படித்தான். அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளைக் கடந்துபோகும் கூட்டத்தில் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

தங்கம் குவியலாகக் கிடைத்த இடத்திலும் நிலைமை வேறாக இல்லை. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் 5,398 பொருள்கள் இருந்தன. நான்கு சிறிய அறைகளைக் காலி செய்ய ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு பொருளும் இருந்த இடத்திலேயே எண்ணிடப்பட்டது, படமெடுக்கப்பட்டது, வரையப்பட்டது, வேதியியலாளர் ஒருவரால் நொறுங்காதபடி பக்குவப்படுத்தப்பட்டது. அதன் பிறகே நகர்த்தப்பட்டது. அந்தத் தங்க முகமூடியை அறியாதவர் இல்லை. ஆனால் அரசன் எந்தப் பருவத்தில் புதைக்கப்பட்டான் என்பதைச் சொன்னவை, அவன்மேல் வைக்கப்பட்டிருந்த மாலைகளின் வாடிய மலர்களும் கனிகளும். எகிப்தில் அவை மலர்ந்து கனியும் மாதங்களைக் கணக்கிட்டு, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவுக்குள் அடக்கம் நடந்திருக்க வேண்டும் என்று தாவரவியல் அறிந்த நியூபெரி கூறினார். பெல்சோனியின் கையில் அந்தக் கல்லறை கிடைத்திருந்தால் அந்த மலர்கள் முதல் நாளே காலடியில் தூளாகியிருக்கும்.

அந்தக் கல்லறையிலிருந்துதான் சாபக் கதையும் கிளம்பியது. அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு, செய்திகளை லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு மட்டும் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டார். உள்ளே விடப்படாத மற்ற நாளிதழ்காரர்களுக்கு எழுத ஏதாவது வேண்டியிருந்தது. 1923 ஏப்ரல் 5 அன்று, கொசுக்கடி சீழ்பிடித்ததில் கார்னர்வன் இறந்தபோது அது கிடைத்துவிட்டது. 1932 இல் ஹாலிவுட்டில் உயிர்பெற்ற மம்மி இன்றுவரை அடங்கவில்லை. சாபம் முதலில் பிடித்திருக்க வேண்டிய கார்ட்டர் 1939 வரை இருந்தார். 2002 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வும், கல்லறைத் திறப்பில் இருந்தவர்களின் ஆயுள் அதனால் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

சாகசப் படங்கள் மறைப்பவற்றில் என்னை அதிகம் உறுத்துவது மண்ணை உண்மையில் தோண்டும் மனிதர்கள். திரையில் அவர்கள் சுமை தூக்குவார்கள், அபசகுனம் கண்டு அலறி ஓடுவார்கள், அல்லது கதாநாயகனைக் காட்டிக்கொடுப்பார்கள். கார்ட்டரின் குழுவில் அகமது கெரிகர் என்ற எகிப்தியத் தலைமை மேற்பார்வையாளர் இருந்தார். கல்லறையின் முதல் படியைக் கண்டவர்கள் எகிப்தியத் தொழிலாளர்களே. பெட்ரி 1890களில் குஃப்த் என்ற ஊரில் பயிற்றுவித்த தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், எகிப்தின் அகழாய்வுகளில் தேர்ந்த கைவினைஞர்களாகத் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றி வருகிறார்கள். தமிழ்நாட்டு அகழாய்வுக் குழிகளிலும் பக்கத்து ஊர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் மண்ணைச் சுரண்டி, சலித்து, ஓடு பொறுக்குகிறார்கள். மண்ணின் நிறம் மாறுவதை முனைவர் பட்டம் பெற்றவர் கவனிப்பதற்கு முன்பே அவர்களின் விரல் உணர்ந்து நின்றுவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த வகையில் 1984 இல் வந்த இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கதை நடப்பது 1935 இன் வட இந்தியாவில். திரைக்கதையில் ஆட்சேபத்துக்குரியவை இருந்ததால் இந்திய அரசு படப்பிடிப்புக்கு இசையவில்லை. படக்குழு இலங்கையின் கண்டிப் பகுதிக்குப் போயிற்று. அதன் விளைவாக, வட இந்தியக் கிராமத்து மக்கள் திரையில் சிங்களம் பேசுகிறார்கள். மேலைநாட்டுப் பேராசிரியர் வந்து மீட்டுத் தரும்வரை அவர்கள் தங்கள் புனிதக் கல்லை இழந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். அந்த 1935 இல் உண்மை நிலை என்னவென்றால், தயாராம் சாஹ்னி என்ற இந்தியர் 1931 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்து பதவிக்காலத்தை முடிக்கும் தறுவாயில் இருந்தார். ஹரப்பாவில் அகழாய்வு செய்தவர் அவர். மொகஞ்சதாரோவில் செய்தவர் ராக்கல்தாஸ் பானர்ஜி. ஒரு நாகரிகத்தையே மண்ணிலிருந்து மீட்டவர்கள் வாழ்ந்த நாட்டில், கிராமத்துக் கல் ஒன்றை மீட்க அமெரிக்கப் பேராசிரியர் விமானத்திலிருந்து குதிக்க வேண்டியிருந்தது என்பது அந்தப் படத்தின் பார்வை.

தமிழிலும் இந்த வகைப் படம் ஒன்று உண்டு. 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’, காணாமல்போன தொல்லியலாளர் ஒருவரையும், 1279 இல் தப்பிச் சென்ற சோழ இளவரசனின் வழியினரையும் தேடி வியட்நாம் அருகே ஒரு தீவுக்குப் போகும் கூட்டத்தின் கதை. பொறிகளும் ஆபத்துகளும் ஹாலிவுட் மரபின்படியே வரிசையாக வருகின்றன. ஆயினும் இரண்டு இடங்களில் அது தன் முன்மாதிரிகளைத் தலைகீழாக்குகிறது. கதாநாயகன் அந்தப் பயணத்தில் சுமை தூக்க வந்த கூலிகளின் தலைவன். தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களோ, கண்டுபிடிக்கப்பட்டதாலேயே அழிகிறார்கள். படத்தின் பிற்பகுதியைப் பற்றி எனக்குப் புகார்கள் உண்டு. தேடல் என்பது தேடப்படுகிறவர்களுக்கு என்ன செய்யும் என்று கேட்ட துணிச்சலுக்காக அவற்றைப் பொறுத்துக்கொள்கிறேன்.

திரைக்கு வெளியே இந்தக் கதையமைப்பு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்கு, 2013 அக்டோபரில் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தௌண்டியா கேடா என்ற ஊரில், 1857 எழுச்சிக்குப் பின் தூக்கிலிடப்பட்ட ராஜா ராவ் ராம் பக்ஷ் சிங்கின் பாழடைந்த கோட்டை இருக்கிறது. அதன் அடியில் 1,000 டன் தங்கம் புதைந்திருப்பதாக ஷோபன் சர்க்கார் என்ற சாமியார் கனவு கண்டார். செய்தி மத்திய அமைச்சர் ஒருவர்வரை போயிற்று. நிலவியல் துறையினர் கருவிகளோடு சென்று, மண்ணுக்கடியில் உலோகத்துக்கான அறிகுறி இருக்கலாம் என்றார்கள். அக்டோபர் 18 அன்று இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. தொலைக்காட்சி வண்டிகள் வரிசைகட்டி நின்றன, தின்பண்டக் கடைகள் முளைத்தன, தங்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற உரிமைக் குரல்கள் எழுந்தன. தாங்கள் தங்கத்துக்காகத் தோண்டவில்லை, வழக்கமான அகழாய்வே செய்கிறோம் என்று துறையினர் சொன்னதை யாரும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் பணி நிறுத்தப்பட்டது. பானை ஓடுகள், கண்ணாடி வளையல் துண்டுகள், இரும்பு ஆணிகள், அடுப்பின் எச்சங்கள் போன்றவை கிடைத்திருந்தன. மனிதர்கள் அங்கே சமைத்தார்கள், வளையல் அணிந்தார்கள், மரவேலை செய்தார்கள் என்று சொல்லும் பொருள்கள் அவை. ஒரு சிறிய இடத்தின் வரலாற்றை எழுதத் தொடங்குவதற்கு ஏற்ற பொருள்கள். ஆனால் நாடெங்கும் ஒளிபரப்பான செய்தி ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்பதுதான். எள்ளி நகையாடியவர்களும் அதையேதான் சொன்னார்கள். சாமியாரை நம்பியவர்களும் நம்பாதவர்களும், தங்கம் கிடைத்தால்தான் அகழாய்வு என்ற ஒரு கருத்தில் முழுமையாக ஒத்துப்போனார்கள். கனவைக் கேட்டுத் தோண்டப் போனது முதல் தவறு. கிடைத்தவற்றைக் கணக்கில் சேர்க்காதது அதைவிடப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன்.

இந்த மனப்போக்கின் விலையை முதுமக்கள் தாழிகள் கொடுக்கின்றன. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ, செம்மண் அள்ளும்போதோ பெரிய தாழி ஒன்று தட்டுப்பட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்ப்பதே பல ஊர்களில் முதல் வேலையாக இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் நூறாண்டுகளுக்கு முன் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியபோது மெல்லிய தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மை. அங்கும் பெரும்பான்மைத் தாழிகளில் இருந்தவை எலும்பும், சிறு கலங்களும், துருவேறிய இரும்பும், தானிய உமியும்தான். உடைத்தவருக்கு ஏமாற்றம், ஆய்வாளருக்கு இழப்பு. அந்த எலும்பிலிருந்து வயதையும் நோயையும், உமியிலிருந்து பயிரையும், அது புதைக்கப்பட்ட காலத்தையும்கூட அறிந்திருக்க முடியும். 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தாழியை உடைத்தவர் தான் சட்டத்தை மீறியதாக நினைப்பதே இல்லை. தங்கம் இல்லாததால் அது புதையலே அன்று என்பது அவருடைய கணக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் படங்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். தங்களைத் தொல்லியலுக்கு இழுத்துவந்தது இண்டியானா ஜோன்ஸ்தான் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆய்வாளர்கள் பலர். 1879 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தொல்லியல் நிறுவனம், 2008 இல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டைத் தன் ஆட்சிக்குழுவில் சேர்த்துக்கொண்டது. தொடரின் மூன்றாம் படத்தில், தொல்லியலில் எழுபது விழுக்காடு நூலகத்தில்தான் நடக்கிறது என்று பேராசிரியர் வகுப்பில் பாடம் நடத்துகிறார். வரைபடத்தில் குறியிட்ட இடத்தில் புதையல் இருப்பதே இல்லை என்றும் அடித்துச் சொல்கிறார். சிறிது நேரத்தில் வெனிஸ் நகர நூலகம் ஒன்றின் தரையில் அந்தக் குறியே அவருக்காகக் காத்திருக்கிறது. தான் பொய் சொல்கிறோம் என்று தெரிந்து கண்சிமிட்டும் படம் அது. அந்தக் கண்சிமிட்டலை மற்றப் படங்களில் நான் பார்ப்பதில்லை.

அதே மூன்றாம் படம் ஜோர்தானின் பெட்ரா நகரத்தை உலகெங்கும் தெரியவைத்தது. ‘கருவூலம்’ என்ற பெயரால் வழங்கும் அந்தக் குடைவரை முகப்பின் உள்ளே, படத்தில் வருவதுபோல் பொறிகள் நிறைந்த நீண்ட வழி கிடையாது. வெறுமையான அறைகளே இருக்கின்றன. முகப்பின் உச்சியில் செதுக்கப்பட்ட கற்கலசத்தில் துப்பாக்கிக் குண்டுகளின் தடங்கள் உள்ளன. கலசத்துக்குள் தங்கம் இருப்பதாக நம்பிய அப்பகுதி மக்கள் அதைச் சுட்டு உடைக்கப் பார்த்தார்கள்; திரைப்படம் பிறப்பதற்கு முன்பே அந்த நம்பிக்கை இருந்தது. 2024 இல் அந்த முகப்புக்குக் கீழே ஒரு கல்லறையும் அதில் 12 பேரின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. ஒருவரின் கையருகே இருந்த மண்கலம் படத்தில் வரும் புனிதக் கிண்ணத்தைப் போலவே இருக்கிறது என்பதுதான் தலைப்புச் செய்தியாயிற்று. அது உடைந்த குடம் ஒன்றின் மேற்பகுதி. பெட்ராவை உருவாக்கிய நபத்தியர்களின் முழுமையான அடக்கங்கள் அங்கே மிக அரிதாகவே கிடைத்திருக்கின்றன. அந்த 12 பேரும் யார், உறவினர்களா, எதனால் இறந்தார்கள் என்பவை எலும்பு ஆய்வுகள் முடிந்தால் தெரியவரலாம். அந்தச் செய்திக்கு எத்தனை வரி கிடைக்கும் என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

மண்ணை நம்பி எடுத்த படமும் இல்லாமல் இல்லை. 1939 இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ மேட்டில் பேசில் பிரவுன் செய்த அகழாய்வை ‘த டிக்’ 2021 இல் திரைக்குக் கொண்டுவந்தது. அங்கே புதைக்கப்பட்டிருந்த 27 மீட்டர் நீளக் கப்பலின் மரம் முழுவதும் மக்கிப் போயிருந்தது. வரிசையாகத் துருப்பிடித்த இரும்பு ஆணிகளும் மணலில் படிந்த கறையுமே எஞ்சியிருந்தன. அந்தக் கறையைக் கலைக்காமல் மணலை மட்டும் நீக்கி, இல்லாத கப்பலின் வடிவத்தை அவர் வெளிக்கொணர்ந்தார். நாடகத்துக்காகச் சில உறவுகளைக் கற்பனை செய்திருந்தாலும், ஒரு மனிதன் மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் திரையில் பரபரப்பாகக் காட்ட முடியும் என்று அந்தப் படம் நிரூபித்தது.

கீழடியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது, ஏனென்றால் நம்மிடையே புதையல் கதை அங்கே புதிய உருவம் எடுத்திருக்கிறது. 2014 இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்துவரும் அந்த அகழாய்வில் உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் கீறிய ஓடுகளும் கிடைத்தன. தங்கம் எங்கே என்று இப்போது நம் மக்கள் கேட்பதில்லை. எத்தனை ஆண்டு பழையது என்று கேட்கிறார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 ஐச் சேர்ந்தது என்ற முடிவு 2019 இல் வெளியானதும், அந்த எண்ணே புதையலாகிவிட்டது. எண் பின்னோக்கிப் போகப் போக வெற்றி, முன்னோக்கி வந்தால் தோல்வி. எண்ணைத் தந்த கரித்துண்டு எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே எண்ணுக்கு உயிர். அதைக் கேட்பவர்கள் தொடக்கத்தில் குறைவாகவே இருந்தார்கள்.

பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. முதல் இரண்டு கட்ட அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா, 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். 2025 மே மாதத்தில் காலப்பகுப்பு உள்ளிட்டவற்றைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருப்பி அனுப்பியது. அவர் தன் முடிவுகளில் உறுதியாக நின்றார். இரு தரப்பு வாதங்களையும் இங்கே எடைபோடப் போவதில்லை. ஆனால் அந்த வாரங்களில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் மண்ணடுக்கு என்ற சொல் வந்தது. மாதிரி எடுத்த ஆழம், ஆய்வகத்தின் பெயர், காலக்கணிப்பு முறை ஆகியவற்றைப் பற்றித் தொலைக்காட்சியில் அரசியல்வாதிகள் சண்டையிட்டார்கள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்த அறிக்கையின் பக்க எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார்கள். தொல்லியலின் உண்மையான மோதல், ஓர் அடுக்குக்கு எந்தக் காலத்தைக் குறிப்பது என்ற எழுத்து மேசைச் சண்டை, இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் நடந்ததை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த அறிக்கையைச் சுற்றி யாரேனும் ஒரு தமிழ்ப் படம் எடுத்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன். வணிகத்துக்காக இயக்குநர் பாம்பு ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை. கீழடிக் குழிகள் தென்னந்தோப்புக்குள்தான் இருக்கின்றன. பாம்புகளை வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டியிருக்காது.